கடைசி முப்பது கிலோமீட்டர்

“நீங்க எந்த ஊரு?”

பல்கலைக்கழகத்தில் காலடி வைத்த முதல் வாரத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே சலித்துப் போனேன். “கெடா” என்பேன். “கெடாவுல எங்க?” “கோலக்கெட்டில் பக்கம்.” கேட்டவர் முகத்தில் ஒன்றும் பிடிபடாத ஒரு பார்வை தெரியும். உடனே நானே இறங்கி வருவேன். “சுங்கைப்பட்டாணி தெரியும்ல? அதுக்குப் பக்கம்.” “ஓ, எஸ்.பி.யா! அப்படிச் சொல்ல வேண்டியதுதானே!” என்று அவரும் நிம்மதியடைவார்.

நான் சொன்னது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. சுங்கைப்பட்டாணி ரயில் நிலையத்திலிருந்து எங்கள் தோட்டத்திற்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து வடக்கே செல்லும் பயணத்தில் இந்தக் கடைசி 30 கிலோமீட்டர்தான் மிக நீளமானது என்பது என் கருத்து. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கோலாலம்பூரிலிருந்து சுங்கைப்பட்டாணிக்குச் சாலை வழி ஏறக்குறைய 370 கிலோமீட்டர். அப்பா இளைஞராக இருந்த காலத்தில் தஞ்சோங் மாலிம், தாப்பா, ஈப்போ, தைப்பிங் என்று பட்டணம் பட்டணமாக நுழைந்து, நுழைந்து வெளியேறும் பழைய சாலைதான் இருந்தது. 1994-ஆம் ஆண்டில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது. புக்கிட் காயு ஈத்தாமிலிருந்து ஜொகூர் பாரு வரை 772 கிலோமீட்டர். 2015 ஜூலையில் இ.டி.எஸ். மின்சார ரயில் பாடாங் பெசார் வரை ஓடத் தொடங்கியது. அப்போது நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவன். “இனிமே கோலாலம்பூர் நம்ம பக்கத்து ஊரு மாதிரிதான்டா” என்று ஆசிரியர் சொன்னது நினைவிருக்கிறது. அவர் சொன்னதில் தவறில்லை. இன்று சென்ட்ரலில் ஏறி அமர்ந்தால் சுமார் நாலரை மணி நேரத்தில் சுங்கைப்பட்டாணியில் இறங்கிவிடலாம்.

இறங்கிய பிறகுதான் கதையே தொடங்குகிறது.

நான் நான்காம் ஆண்டு படித்தபோது தோட்டத்திற்குள் வந்துகொண்டிருந்த பேருந்து நின்றுவிட்டது. ஆட்கள் குறைந்துவிட்டார்கள், கட்டுப்படியாகவில்லை என்றார்கள். பட்டணத்தில் கைப்பேசியைத் தட்டினால் வாடகைக் கார் வருகிறது. எங்கள் தோட்டத்தின் பெயரைக் கண்டதும் ஓட்டுநர்கள் தயங்குகிறார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. திரும்பும்போது வெறும் காரைத்தானே ஓட்டிக்கொண்டு வரவேண்டும்! வெள்ளிக்கிழமை மாலை விரிவுரை முடிந்து புறப்பட்டால், நான் வந்து சேர இரவு பத்து மணியாகிவிடும். காலையில் செம்பனைக் குலை வெட்டிக் களைத்த அப்பா, மோட்டாரில் இன்னொரு தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு 30 கிலோமீட்டர் வந்து நிலையத்தின் வெளியே காத்திருப்பார். என் பையை முன்னால் வைத்துக்கொள்வார். கடைசி 11 கிலோமீட்டரில் தெருவிளக்கு கிடையாது. மழை பிடித்துக்கொண்டால் வழியிலுள்ள ஒரு மூடிய கடையின் முன் ஒதுங்கி நிற்போம். வீட்டை அடையும்போது அம்மா தூங்காமல் உட்கார்ந்திருப்பார். சோறு ஆறியிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். கோலாலம்பூரில் சனியும் ஞாயிறும். ஆகவே இரு ஊர்களுக்கும் பொதுவான விடுமுறை சனிக்கிழமை ஒன்றுதான். ஞாயிறு காலையில் தங்கை பள்ளிக்குக் கிளம்பிவிடுவாள். நானும் ரயிலுக்குக் கிளம்ப வேண்டும். போகவரச் செலவு நூறு வெள்ளியைத் தாண்டும். அந்த நூறு வெள்ளிக்குக் கிடைப்பது ஒரே ஒரு சனிக்கிழமை!

இதையெல்லாம் என் சொந்தக் கஷ்டமாக நினைத்து ஒப்பாரி வைக்க நான் வரவில்லை. நான் எப்படியோ வந்துவிட்டேன். வராதவர்களைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன்.

என்னோடு தமிழ்ப்பள்ளியில் ஒரே வகுப்பில் படித்த தோழி ஒருத்தி இருக்கிறாள். இதை எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள். தேசிய இடைநிலைப்பள்ளிக்கும் ஒரே வேனில்தான் போனோம். விடியற்காலை 5.45 மணிக்கு வேன் வரும். 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது நாங்கள் ஐந்தாம் படிவம். கைப்பேசியில் அலைவரிசை கிடைக்கும் மேட்டில் இருவரும் குடையோடு உட்கார்ந்து பாடம் கேட்டோம். ஆறாம் படிவத்திலும் ஒன்றாகவே படித்தோம். எஸ்.டி.பி.எம். தேர்வில் அவளுடைய புள்ளி என்னுடையதைவிட அதிகம். கணிதத்தில் எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

2023-இல் எங்கள் இருவருக்குமே கோலாலம்பூரில் இடம் கிடைத்தது. நான் வந்தேன். அவள் வரவில்லை.

அன்று மாலை நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். அவள் அப்பாவிடம் என்னென்னவோ சொன்னேன். கல்விக் கடன் கிடைக்கும், கல்லூரி விடுதி பாதுகாப்பானது, ரயில் வசதி இருக்கிறது, நாலரை மணி நேரம்தான் என்றெல்லாம் அடுக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

“எல்லாம் சரிதான் தம்பி. அங்க யாரு இருக்கா?”

என்னிடம் பதில் இல்லை. “நான் இருக்கேன் அங்கிள்” என்று சொல்லியிருக்கலாம்தான். இருபது வயதுப் பையன், கோலாலம்பூரை இரண்டே முறை பார்த்தவன், எந்த முகத்தோடு அதைச் சொல்வது? “பொம்பளப் பிள்ள. நடு ராத்திரியில ஒண்ணுன்னா நான் இந்த மோட்டாரத்தான் எடுத்துக்கிட்டு வரணும்” என்றார். அதில் பிற்போக்குத்தனம் இருக்கிறது என்று நம்மில் சிலர் சொல்லக்கூடும். நானும் அப்படித்தான் நினைத்தேன். மகனாக இருந்திருந்தால் அனுப்பியிருப்பார் என்பதும் உண்மைதான். ஆனால், அவர் கிலோமீட்டரைக் கேட்கவில்லை என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன். 370 கிலோமீட்டர் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. மறுமுனையில் தெரிந்த முகம் ஒன்று உண்டா என்பதே அவருடைய அளவுகோல். இன்று அவள் ஒரு தொழிற்சாலையில் மூன்று ஷிப்ட் மாறி மாறி வேலை செய்கிறாள். தம்பியைப் படிக்க வைக்கிறாள்.

யோசித்துப் பாருங்கள். நம் முன்னோர் வங்கக் கடலையே கடந்து வந்தவர்கள். என் கொள்ளுத்தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர். நெடுஞ்சாலையும் கைப்பேசியும் இல்லாத காலத்தில் எந்தத் துணிச்சலில் வந்தார்கள்? வறுமை துரத்தியது, சரி. ஆனால் யாரை நம்பி ஏறினார்கள்? சொந்தக் கிராமத்துக் கங்காணியை நம்பி ஏறினார்கள். அந்த முறையில் இருந்த சுரண்டலும் கடன்சுமையும் நமக்குத் தெரியும். 1938-இல் இந்திய அரசாங்கம் தொழிலாளர்கள் புறப்படுவதைத் தடை செய்ததோடு அதன் காலம் முடிந்தது. அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால், மறுகரையில் தெரிந்த முகம் ஒன்று இருந்தால் மனிதன் கடலையும் கடப்பான் என்பதை அந்த முறை புரிந்து வைத்திருந்தது. நம்முடைய படித்த சமுதாயம் அதை மறந்துவிட்டதோ என்று எனக்குத் தோன்றுகிறது.

தூரத்தில் எனக்குப் புரியாத விஷயம் இன்னொன்று இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து எங்கள் தோட்டத்திற்கு எவ்வளவு தூரமோ, எங்கள் தோட்டத்திலிருந்து கோலாலம்பூருக்கும் அவ்வளவே தூரம். இது ஒன்றாம் ஆண்டுக் கணக்கு. ஆனால், பயணம் மட்டும் ஒரே திசையில் நடக்கிறது. படிப்புக்கு நாங்கள் வரவேண்டும். வேலைக்கு நாங்கள் வரவேண்டும். கருத்தரங்கிற்கும் கலைவிழாவிற்கும் நாங்கள்தான் வரவேண்டும். அங்கிருந்து யாராவது எங்களை நோக்கி வருகிறார்களா?

ஒரு காலத்தில் மாணவர்களின் பார்வை அந்தப் பக்கம் திரும்பியது. எங்கள் கோலக்கெட்டில் பாலிங் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1974-ஆம் ஆண்டின் இறுதியில், ரப்பர் விலை வீழ்ச்சியாலும் விலைவாசி ஏற்றத்தாலும் வாடிய ஆயிரக்கணக்கான சிறுதோட்டக்காரர்கள் பாலிங்கில் ஊர்வலம் சென்றார்கள். பெரும்பாலும் மலாய்க்காரர்கள். அவர்களுக்கு ஆதரவாக டிசம்பர் 3-ஆம் தேதி கோலாலம்பூரில் மாணவர்கள் திரண்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கைது செய்யப்பட்டார்கள். மறு ஆண்டே பல்கலைக்கழகச் சட்டம் மேலும் கடுமையாக்கப்பட்டது. அந்தப் போராட்டத்தின் அரசியலை எடைபோடுவது என் நோக்கமன்று. நெடுஞ்சாலை இல்லாத காலத்தில், சமூக ஊடகம் என்ற சொல்லே இல்லாத காலத்தில், பாலிங்கில் ஒருவன் பசித்திருக்கிறான் என்பது கோலாலம்பூர் மாணவனுக்கு உறுத்தியிருக்கிறது. இன்று நாலரை மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால், கோலக்கெட்டில் எங்கே இருக்கிறது என்று நம் மாணவர்களுக்கே தெரியவில்லை. மேடையேறினால் மட்டும் “கடாரம் கொண்டான்” என்று முழங்குகிறோம். அந்தக் கடாரம் வேறெங்கும் இல்லை நண்பர்களே, எங்கள் கெடாதான்!

பிறரைச் சாடும் முன் என்னைச் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு நான் நம் கழகத்தின் செயலவையில் இருந்தேன். தன்முனைப்பு முகாமுக்காக மூன்று பள்ளிகளைத் தேர்ந்தெடுத்தோம். மூன்றுமே கிள்ளான் பள்ளத்தாக்கில், ஒரு மணி நேரத்திற்குள் போய்வரக்கூடியவை. கூட்டத்தில் யாரும் என் ஊரைத் தடுக்கவில்லை, நானும் முன்மொழியவில்லை. அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்தவன் நானே. காலையில் போனோம், பேசினோம், படம் எடுத்துக்கொண்டோம், மாலைத் தேநீருக்கு விடுதிக்குத் திரும்பிவிட்டோம். அந்தப் பிள்ளைகளுக்கு அது பயன்படவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால், அங்கே நமக்கு முன்பே வேறு இரண்டு பல்கலைக்கழகங்கள் வந்துபோயிருந்தன. எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கு, நான் படித்த ஆறு ஆண்டுகளில், ஒரு பல்கலைக்கழக மாணவர்கூட வந்ததில்லை. பல்கலைக்கழக மாணவர் எப்படி இருப்பார் என்று நான் முதன்முதலில் பார்த்தது என் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்த பிறகுதான்.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளும் எனக்குத் தெரியும்.

செலவு ஆகும் என்பார்கள். ஆகும்தான். ஒரு கலைவிழாவின் மேடை அலங்காரத்தையும் விருந்தினர் மாலையையும் கொஞ்சம் குறைத்தால் பத்துப் பேருக்கு ரயில் கட்டணம் தேறாதா? மாணவர் எண்ணிக்கை குறைவு, அவ்வளவு தூரம் போய் இருபது பிள்ளைகளிடமா பேசுவது என்பார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் இருநூறு பேரிடம் ஒலிபெருக்கியில் பேசுகிறோம். இருபது பேர் என்றால் ஒவ்வொருவர் பெயரையும் கேட்டுப் பேசலாமே! இப்போதுதான் இணையம் இருக்கிறதே, கூகள் மீட் வழியே நடத்தலாமே என்பார்கள். குடையோடு மேட்டில் உட்கார்ந்து படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இணையத்தில் பாடம் வரும். ஆனால், ஒரு அப்பாவின் முன்னால் உட்கார்ந்து அவர் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் வராது.

ஆகவே மூன்று யோசனைகளை நம் கழகத்தின் முன்னும் முன்னாள் மாணவர்கள் முன்னும் வைக்கிறேன். எதுவும் பெரிய திட்டமில்லை.

முதலாவது, மாவட்ட வாரியாக ஒரு பெயர்ப் பட்டியல். பாலிங், கூலிம், சிக், பாடாங் தெராப் என்று உள்நாட்டு மாவட்டங்களிலிருந்து வந்த முன்னாள் மாணவர்கள் நிச்சயம் இருப்பார்கள். ஒவ்வோர் ஆண்டும் நுழைவு முடிவுகள் வந்ததும், இடம் கிடைத்தவரின் வீட்டை அதே மாவட்டத்து மூத்த மாணவர் ஒருவர் தேடிப் போகட்டும். முடிந்தால் ஒரு மாணவியும் உடன் செல்லட்டும். பதிவு நாளன்று அந்தப் பிள்ளையோடு அதே ரயிலில் வரட்டும். இதற்குப் பணம் தேவையில்லை, மனம் போதும்.

இரண்டாவது, ஆண்டுக்கு ஒரே ஒரு நிகழ்ச்சியாவது வடக்கின் உட்புறத்தில் நடக்கட்டும். அரை நாள் வந்து பேசிவிட்டுப் போகும் நிகழ்ச்சியாக வேண்டாம். இரண்டு இரவு தங்க வேண்டும். கோயில் மண்டபம் இருக்கிறது, லயத்து வீடுகள் இருக்கின்றன. சோற்றுக்குப் பஞ்சமில்லை, எங்கள் அம்மாக்கள் பார்த்துக்கொள்வார்கள். கெடாவின் விடுமுறை நாளைப் பார்த்துத் தேதி குறியுங்கள். ஞாயிற்றுக்கிழமை முகாம் போட்டால் பிள்ளைகள் பள்ளியை விட்டுத்தான் வரவேண்டும்.

மூன்றாவது, சுங்கைப்பட்டாணி, அலோர் ஸ்டார், பட்டர்வொர்த் பகுதிகளில் வேலை செய்யும் முன்னாள் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரவு ரயிலில் இறங்கும் ஒரு மாணவிக்கு அன்றிரவு தங்க ஒரு வீடு, அல்லது அவளைத் தோட்டம் வரை கொண்டுபோய்விட ஒரு கார். மாதத்தில் ஒருநாள் உங்களால் முடியுமானால் அந்த எண்ணை மட்டும் கழகத்திடம் கொடுங்கள். நெடுஞ்சாலையை அரசாங்கம் போட்டது. தண்டவாளத்தையும் அரசாங்கம் போட்டது. கடைசி 30 கிலோமீட்டரை மட்டும் நாம்தான் போட வேண்டும்.

முடிக்கும் முன் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். முதலாம் ஆண்டில் நான் மூன்றே முறைதான் வீட்டிற்குப் போனேன். அப்பாவை இரவில் அலைய வைக்க மனம் வரவில்லை என்று நண்பர்களிடம் சொல்லிக்கொள்வேன். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி, தூரம் எனக்கு வசதியாக இருந்தது. “இந்த வாரம் பாடம் நிறைய இருக்குமா” என்று சொல்லிவிட்டு விடுதியில் தூங்கியிருக்கிறேன். “பரவாயில்லப்பா, அவ்ளோ தூரம் அலையாத” என்பார் அம்மா. தூரத்தைக் காரணம் காட்டுவது எவ்வளவு எளிது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் நம் கழகத்தின் காரணங்களையும் என்னால் அடையாளம் காண முடிகிறது.

சென்ற தீபாவளிக்கு வீட்டிற்குப் போயிருந்தேன். தங்கை இப்போது ஆறாம் படிவம். அவளும் கோலாலம்பூருக்கு வரவேண்டும் என்கிறாள். அம்மா முறுக்குப் பிழிந்துகொண்டே, “அங்க யாரு இருக்கா?” என்று கேட்டார். அதே கேள்வி. இந்த முறை நான் தயங்கவில்லை. “நான் இருக்கேன்மா” என்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறுக்கைப் பிழிந்தார். அவர் சரி என்று சொல்லிவிட்டார் என்பது தங்கைக்கும் எனக்கும் புரிந்தது.

என் தங்கைக்கு அண்ணன் இருக்கிறான். வேன் நிற்கும் அந்த மேட்டில் விடியற்காலையில் இன்னும் ஏழெட்டுப் பிள்ளைகள் நிற்கிறார்கள். அவர்கள் வீட்டில் அந்தக் கேள்வி கேட்கப்படும்போது, “நாங்கள் இருக்கிறோம்” என்று யார் சொல்லப்போகிறோம்?